கழுத்துக்கு ஒரு சாண் மேலே

தம்பி,

இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை இது. இன்றைக்கு அந்த வரியை எழுதப் பேனா நகரவில்லை. நலமாக இல்லாத ஒருத்தி நம் வீட்டுக்குள் இருக்கிறாள். அவள் யாரென்று உனக்குத் தெரியும். இன்லேண்ட் லெட்டரில் எழுதி மடிக்கிற சங்கதியும் இல்லை இது. அதனால் முழுத்தாள் நாலைந்தை எடுத்து வைத்துக்கொண்டு, காலைப் பூசை முடிந்து வந்ததும் கண்ணாடியை மாட்டி உட்கார்ந்துவிட்டேன். கைநடுக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது, எழுத்து முன்னைப்போல் இருக்காது, பொறுத்துப் படி. அசதியாக இருக்கிறது எனக்கு. ரிட்டையர் ஆனவனுக்கு உடம்பு அசதி இருக்கத்தான் செய்யும், அதைச் சொல்லவில்லை. ஒரு பொய்யைப் பதினைந்து வருஷத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்த அசதி. இந்தக் கடிதத்தில் அதை இறக்கி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் ஸ்டெல்லா வந்தாள். குரும்பகரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, வயலுக்கு நடுவே போகிற ரோட்டில் தனியாக நடந்து வந்திருக்கிறாள். கையில் ஒரே ஒரு பை. உன் அம்மா வாசலில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்து இடது கன்னத்தை மூடியபடி வந்து நின்ற மருமகளைப் பார்த்ததும், அம்மா உளுந்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். பையை வாங்கிக்கொண்டு உள்ளே கூட்டிப்போய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். நான்தான் ஒன்றும் புரியாமல், நீ வரவில்லையா, லீவு கிடைக்கவில்லையா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் தலைவலி என்றாள். மறுநாள் காலையில் முகம் கழுவ வந்தபோது வீக்கத்தைப் பார்த்தேன். கன்னத்திலிருந்து காது வரைக்கும் நீலமாக இருந்தது. காரைக்காலில் இறங்கினால் நெரவி பக்கத்தில்தானே, உன் அப்பா வீட்டுக்குப் போகாமல் இவ்வளவு தூரம் ஏனம்மா வந்தாய் என்று கேட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "ஒங்க பிள்ளையப் பத்தி ஒங்ககிட்டதான மாமா கேக்கணும்."

 கொல்லைப்பக்கம் போய் மாட்டுக்கு வைக்கோல் போடுகிறவன்போல் ரொம்ப நேரம் நின்றேன்.

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. நல்ல எழுத்து உனக்கு, சின்ன வயதிலிருந்தே. அதில், நடந்தது நடந்துவிட்டது, வாய்ப்பேச்சு முற்றி ஒரு அடி விழுந்துவிட்டது, அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அம்மா பக்குவமாகப் பேசுவார்கள், அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கம்தானே என்று ஒரு வரி. அதற்குக் கீழே, நான் ரணசூரன் வீட்டுப் பிள்ளை, கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது, அது நம் ரத்தம், உங்களுக்குத் தெரியாததா அப்பா என்று ஒரு வரி. இந்த இரண்டு வரியையும் நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உன்மேல் கோபம் வரவில்லை தம்பி. நான் எழுதியிருந்தாலும் அப்படியேதான் எழுதியிருப்பேன்.

அந்த ரணசூரனைப் பற்றித்தான் சொல்லவேண்டும். நீ அவனைக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவன். நான் அவன் உடுப்புக்குள் இருந்தவன். நம் ஊர் நாடகத்தில் அவன்தான் கெட்டவன், தங்கை தனக்குத் தெரியாமல் பகைவன் மகனைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று, அவளைச் சபை நடுவே வாளால் வெட்டிப் போடுகிற கோபக்கார அண்ணன். வெட்டின பிறகுதான், அந்தப் பையன் சண்டையை நிறுத்தக் கேட்டு அனுப்பின ஓலை தங்கையின் மடியிலிருந்து விழும். அதைப் படித்துவிட்டு அவன் அழுகிற இடத்தில் நம் ஊர்ப் பெண்களெல்லாம் அழுவார்கள். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, மாதா கோயில் திடலில் போடுவோம். அந்தக் காலத்துக் கரண்டை நம்ப முடியாது என்று வெயில் சாய்ந்ததும் ஆரம்பித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடித்துவிடுவோம். ராஜா வேஷம் ஒரு வீட்டுக்கு, கட்டியக்காரன் ஒரு வீட்டுக்கு என்று ஒவ்வொரு வேஷமும் ஒவ்வொரு வீட்டுக்குச் சொந்தம். ரணசூரன் நம் வீட்டுக்கு. உன் தாத்தா ஆடினார், அவருக்கு மூச்சிரைப்பு வந்தபிறகு நான் பதினொரு வருஷம் ஆடினேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் ஒத்திகை நடக்கும். அந்த நாற்பது நாளில் ரணசூரன் ஆடுகிறவனை யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள், அது ஊர் வழக்கம். கடையில் நான் கத்தினால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, வேஷம் ஏறியிருக்கு, விடுங்க என்பார். வாய்க்கால் தண்ணீருக்குப் பக்கத்து வயல்காரரோடு நான் மல்லுக்கு நின்றபோதும் அதையே சொல்லி அவரை விலக்கிவிட்டார்கள். வீட்டில் தட்டு பறந்தால் உன் அத்தை வந்து உன் அம்மாவிடம், ஈஸ்டர் முடியட்டும், இறங்கிடும் என்று சொல்லிவிட்டுப் போவாள். எவ்வளவு வசதி பார். ஈஸ்டர் முடிந்து, கோடை முடிந்து, ஆற்றில் தண்ணீர் வந்து, நடவு முடிந்து, அறுப்பும் முடியும். என் வேஷம் மட்டும் இறங்காது. ஆடின சூடு இன்னும் போகவில்லை என்பார்கள், அதற்குள் அடுத்த தவக்காலம் வந்துவிடும். ஊரே சேர்ந்து எனக்கு ஒரு குடை பிடித்தது, நான் சுகமாக அதன் கீழே நடந்தேன்.

இனி வாளைப் பற்றிச் சொல்கிறேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது அது அட்டையா தகரமா என்று கேட்பாய், நான் சிரித்து மழுப்பிவிடுவேன். அது இரும்பு. கொல்லுப்பட்டறையில் அடித்தது. முனையும் ஓரமும் மழுங்கியதுதான், ஆனாலும் விழுந்தால் எலும்பு நிற்காது. தங்கை வேஷம் கட்டினவன் தையற்கடை செபஸ்தியான். அப்போதெல்லாம் பெண்கள் மேடை ஏறமாட்டார்கள். மண்டியிட்டுக் கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வான். மத்தளம் மூன்று தடவை விழும். மூன்றாவது அடிக்கு வாள் இறங்கவேண்டும், அவன் கழுத்துக்கு ஒரு சாண் மேலே நிற்கவேண்டும், அவன் சரியவேண்டும், படுதா விழவேண்டும். அதற்கு முன்னால் கால்மணி நேரம் நான் மேடையைக் கிழித்துக்கொண்டு ஆடியிருப்பேன். கண் சிவந்திருக்கும், வாயில் நுரை தள்ளும், முன்வரிசைக் குழந்தைகள் அழும். ஆனால் மூன்றாவது அடிக்கு வாள் ஒரு சாண் மேலே நிற்கும். பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அது ஒரு விரற்கடை கீழே இறங்கியதில்லை. முதல் வருஷம் மேடை ஏறும் முன் செபஸ்தியான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அண்ணே, ஒங்க கைய நம்பித்தான் கழுத்தக் குடுக்கிறேன்." அவன் நம்பிக்கையை நான் ஒருநாளும் கெடுக்கவில்லை. அவன் இப்போதும் கடையில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டுதான் இருக்கிறான், முழுக் கழுத்தோடு.

உன் அம்மாவுக்கு இடது காது கேட்காது. உனக்கு அது தெரியும். நீ ஊருக்கு வரும்போதெல்லாம் அவளுடைய வலப்பக்கம் உட்கார்ந்து பேசுகிறாய், அது எனக்குப் பிடிக்கும். சின்ன வயதில் காய்ச்சல் வந்து காது போய்விட்டது என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். காய்ச்சல் இல்லை தம்பி. நான்தான்.

நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம். நாடகத் திங்கட்கிழமை மத்தியானம். நீ திடலில் பந்தல் போடுவதை வேடிக்கை பார்க்கப் போயிருந்தாய். ரணசூரனின் சிவப்பு அங்கியை உன் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தாத்தா காலத்து அங்கி. கரிப்பெட்டியிலிருந்து ஒரு கங்கு தெறித்துத் தோளுக்குக் கீழே காசளவு ஓட்டை விழுந்துவிட்டது. அவளே வந்து சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் போய் வாசல் கதவைச் சாத்தினேன். மத்தளக்காரர்கள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்குக் கேட்கக்கூடாது. பிறகு திரும்பி வந்தேன். முகத்துக்கு நேரே அடித்தால் மூக்கு உடைந்து சாயங்காலம் ஊர் பார்க்கும், அதனால் பக்கவாட்டில். மடக்கிய கை இல்லை, விரித்த கை. இவ்வளவும் யோசித்தேன். வலது கைக்காரன் அடித்தால் இடது காதில்தான் விழும். அவள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காதிலிருந்து கோடுபோல ரத்தம் வந்தது. நான் அங்கியை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, மத்தளக்காரர்களிடம் பீடி வாங்கிப் பிடித்தேன். அன்று சாயங்காலம் மேடையில் வாள் ஒரு சாண் மேலே நின்றது. அந்த வருஷம்தான் நான் ரொம்ப நன்றாக ஆடினேன் என்று பங்குச் சாமியார் மேடையிலேயே வந்து எனக்கு மாலை போட்டார்.

பத்து நாள் கழித்துக் காரைக்காலில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். கதவில் இடித்துக்கொண்டாள் என்று நான் சொன்னேன், அவளும் தலையாட்டினாள். அதற்குள் சீழ் பிடித்துவிட்டது. அப்புறம் அந்தக் காது திரும்பவில்லை.

கோபம் வந்தால் கண் தெரியாது என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் முப்பது வருஷம் பியூனாக இருந்தேன். ஹெட்கிளார்க் ஒருவர் இருந்தார், அவருக்குத் தேநீரில் சர்க்கரை குறைந்தால் பைலைத் தூக்கி என் மேல் எறிவார். குனிந்து பொறுக்கி அடுக்கி, சரிங்க சார் என்பேன். ரணசூரன் எங்கே போனான் அப்போது? ரத்தம் ஆபீசில் ஓடாதா? கோயிலில் சாமியார் எல்லார் முன்னாலும் என்னைக் கண்டித்திருக்கிறார், தலை குனிந்துகொண்டேன். எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர், எனக்குப் பெரியவர், என்னைத் திருப்பி அடிக்கக்கூடியவர், இவர்கள் முன்னால் என் கோபம் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தது. எங்கே அவிழ்த்துவிடலாம் என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

நான் மனம் திருந்தி நிறுத்தினேன் என்றும் நினைத்துவிடாதே. மேடையை விட்டது முழங்கால் வலியால். அம்மாவை அடிப்பதை விட்டது நீ பத்தாம் வகுப்பு வந்த பிறகு. ஒருநாள் சோற்றில் கல் என்று கையை ஓங்கினேன். நீ படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றாய். நின்றாய், அவ்வளவுதான். நீ என் உயரத்துக்கு வந்துவிட்டாய் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கை தானாக இறங்கிவிட்டது. அன்றோடு சரி. வேஷம் இறங்க அவ்வளவு மருந்துதான் வேண்டியிருந்தது, பார்த்தாயா. அன்றைக்கு எழுந்து நின்ற பையன் நீ. அவன் எங்கே போனான் என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஸ்டெல்லாவிடம் நான் துருவிக் கேட்கவில்லை. அவளாகத்தான் உன் அம்மாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் முன்னால், இந்த மாதம் பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டு ஊருக்குப் போகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள், உன்னைக் கேட்காமல் சொன்னாள், அதுதானே குற்றம்? அவர்கள் காபி குடித்துச் சிரித்துப் பேசிவிட்டுப் போகும்வரைக்கும் நீயும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். தெருமுனைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறாய். வந்ததும் முதலில் ரேடியோவைச் சத்தமாக வைத்தாயாம். அதை உன் அம்மாதான் என்னிடம் சொன்னாள். கண் தெரியாதவனுக்கு ரேடியோ குமிழ் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது தம்பி? எனக்குப் பதில் எழுதவேண்டாம். நீயே உன்னைக் கேட்டுப்பார்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதுவும் ஆடினவன் என்கிற முறையில். வாளை நிறுத்துவதற்குப் பெரிய தவம் ஒன்றும் வேண்டாம். நிறுத்தவேண்டும் என்று இருந்தால் போதும், கை நிற்கும். செபஸ்தியானுக்கு நிறுத்தினேன், உன் அம்மாவுக்கு நிறுத்தவில்லை. இரண்டும் ஒரே கைதான், ஒரே நாள்தான். ரத்தம், வம்சம், வேஷம் என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் அந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு. நீயும் அதையே எடுத்துக் கட்டிக்கொள்ளாதே. தாத்தாவிடமிருந்து எனக்கு வந்தது அந்த அங்கி மட்டும்தான். கோபத்தை நானேதான் தைத்துக்கொண்டேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு, தபாலில் போடும் முன் உன் அம்மாவிடம் படித்துக் காட்டவேண்டும் என்று தோன்றியது. அவளைப் பற்றிய சங்கதியை அவளைக் கேட்காமல் எப்படி அனுப்புவது? கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வலப்பக்கம் போய் உட்கார்ந்து மெதுவாகப் படித்தேன். கீரையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். காது பற்றி எழுதின இடம் வந்ததும் முணுமுணுவென்று படித்துத் தாண்டிப் போகப் பார்த்தேன். அவள் நிறுத்தச் சொன்னாள். "அந்த எடத்த இன்னொரு தடவ சத்தமா படிங்க. ஸ்டெல்லாவும் கேக்கட்டும்."

சத்தமாகப் படித்தேன். அடுக்களையில் இருந்த ஸ்டெல்லா நிலைப்படியில் வந்து நின்றாள். நாங்கள் காய்ச்சல் என்று சொன்னதைத்தானே அவளும் நம்பியிருந்தாள், அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. படித்து முடித்ததும், என்னை மன்னித்துவிடு என்று உன் அம்மாவிடம் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கு அவள், இதை எழுதுகிற இந்த நேரம்வரைக்கும், பதில் சொல்லவில்லை. வேறு ஒன்று சொன்னாள்.

அந்த நாடகத்துக்கு மறுநாள் அவள் பூவம் ஊரில் இருக்கிற தன் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஈஸ்டருக்குத் தகப்பனைப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். சாயங்காலமே திரும்பி வந்துவிட்டாள். தானாக வந்துவிட்டாள், மனம் ஆறிவிட்டது என்று நான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அவள் தானாக வரவில்லையாம். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, இனிமேல் போகமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் நல்ல மனிதர், உனக்குத் தெரியும், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். வேஷம் ஏறியிருக்கும்மா, ரெண்டு நாள்ல இறங்கிடும் என்று சொல்லி, சோறு போட்டு, தானே கூட வந்து பஸ் ஏற்றிவிட்டாராம். பஸ் கிளம்பும்வரைக்கும் ஜன்னலோரம் அழுதுகொண்டே நின்றாராம்.

இதைச் சொல்லிவிட்டு உன் அம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "எங்கப்பா அனுப்பிட்டாரு. நீங்க அனுப்பாதீங்க" என்றாள்.

அனுப்பமாட்டேன் தம்பி. ஸ்டெல்லா எத்தனை நாள் இங்கே இருக்கவேண்டும் என்பதை ஸ்டெல்லாதான் சொல்லவேண்டும், நீயோ நானோ இல்லை. டீச்சர் வேலைக்கு அவள் இங்கேயே மனுப்போடப் போகிறாள், நாளைக்கு அவளோடு நான் காரைக்காலுக்குப் போகிறேன். நீ வருவதானால் வா, இது உன் வீடுதான், உன் அம்மா உனக்குச் சோறு போடுவாள். ஸ்டெல்லாவிடம் என்ன பேசவேண்டுமோ கூடத்தில் எங்கள் முன்னால் உட்கார்ந்து பேசு. திரும்பிப் போகும்போது ஒரு டிக்கெட்தான் எடுக்கவேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வா.

அப்பா